கோப்பையைக் காலி செய்தவன்

மகன் குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் போத்தலை எடுத்து மடமடவென்று குடித்தான். மேலே 'ஊலோங் டீ' என்று எழுதியிருந்தது. வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். குளிர்ச்சியும் சீனியும்தான் இருந்தன. ஊலோங் என்றால் முதலில் மூக்குக்கு வரவேண்டும் ஐயா, வறுத்த அரிசி மாதிரி ஒரு வாசம். எனக்கு அது வந்து சேர்ந்த கதையைக் கேளுங்கள்.

எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான லூபோக் சீனாவில், நான் விரும்பிய சியூ லானின் அப்பா சாமான் கடை வைத்திருந்தார். முதலாளி என்ற பொருளில் தவுக்கே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தோட்டத்து ஆட்களோடு பேசிப் பேசி அந்தச் சீனரின் தமிழும் எங்கள் தமிழாகவே ஆகிவிட்டது. சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வேலை கிடைத்ததும் எனக்குத் துணிச்சல் வந்தது. சியூ லானைக் கட்டிக்கொடுங்கள் என்று கேட்க, இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினேன். அம்மா சொன்னது ஒன்றுதான்.

"அங்க என்னா குடுத்தாலும் மிச்சம் வைக்காதடா. மரியாத இல்ல."

கேட்டுவிட்டேன். தவுக்கே "உக்காரு தம்பி" என்று, உள்ளங்கைக்குள் அடங்கும் மண் கெண்டியை எடுத்தார். மிளகு போல் சுருண்ட இலையைப் போட்டு, கொதிநீர் ஊற்றி, உடனே அதைத் தட்டில் கொட்டினார். எனக்குக் கொடுக்க மனமில்லை, இதுதான் பதில் என்று நினைத்தேன். இலையைக் கழுவுகிறார் என்பது, கெட்டிப்பால் கலந்த தேநீரை மட்டுமே குடித்து வளர்ந்தவனுக்கு எப்படித் தெரியும்?

மறுபடி ஊற்றி, சின்னஞ்சிறு கோப்பையில் கொடுத்தார். பச்சையும் இல்லை, கறுப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் நிறுத்திய இலை. வாயில் லேசான கருகல், விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்ல ஓர் இனிப்பு. மிச்சமில்லாமல் குடித்தேன். உடனே ஊற்றினார். குடித்தேன். ஊற்றினார். அடுத்த கெண்டியில் பூ வாசம் வந்தது. போகப்போக அதுவும் போனது. கெண்டிக்குள் இலை விரிந்து மூடியை முட்டியது. எனக்கு அடிவயிறு முட்டியது. கல்யாணப் பேச்சு மட்டும் வரவேயில்லை.

எட்டிப் பார்த்த சியூ லான் தலையில் அடித்துக்கொண்டாள். "காலி பண்ணா ஊத்திக்கிட்டேதான் இருப்பாரு லா! போதும்னா கப்ப குடிக்காம நெறஞ்சபடியே விட்டுடணும்."

தவுக்கே கெண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "வெறும் தண்ணி ஆயிருச்சு. அதையும் வேணாம்னு சொல்லாம குடிக்கிறான். இவன் பொண்டாட்டிகிட்ட சண்டைக்குப் போவமாட்டான் லா. கட்டிக்க தம்பி."

நன்றி சொல்லக்கூட நிற்காமல் கழிப்பறைக்கு ஓடினேன்.

பிறகு அவர் எனக்கு மாமா ஆனார். கடையை விட்டுத் தங்கா பத்துவில் எங்களோடு இருக்க வந்தபோது, கெண்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் காரில் வந்தார். வழக்கம் தெரிந்த பிறகும் நான் வேண்டுமென்றே காலி செய்வேன், அவரும் சிரித்துக்கொண்டே ஊற்றுவார். வயதாகி அவருக்குக் கெண்டி கனக்கத் தொடங்கியதும் நான் ஊற்றினேன்.

ஒரு மாலை அவர் கோப்பையை நிறைத்தேன். அவர் தொடவில்லை.

"ஆறிடும் மாமா."

"இருக்கட்டும் தம்பி."

நிறைந்த கோப்பை, போதும் என்கிறார் என்று புரிந்தது. அந்தக் கோப்பையைக் கழுவ அன்று எனக்கு மனம் வரவில்லை.

கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். சியூ லானுக்குக் காப்பிதான் பிடிக்கும். மாமா போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் நானே ஊற்றிக் குடிக்கிறேன். மிச்சமில்லாமல் குடித்துக் கீழே வைத்தால், கோப்பை காலியாகவே இருக்கிறது.