வளையம் கையில்தான் இருந்தது

பறக்கிற நாயகர்களின் படங்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பறப்பதற்காக அல்ல. பறக்கட்டும், நெருப்பைக் கக்கட்டும், மலையைப் பெயர்த்துத் தோளில் வைத்துக்கொண்டு போகட்டும், எனக்கென்ன வந்தது? ஆனால் முதல் படத்தில் பறந்தவன் இரண்டாம் படத்தில் காதலியைப் பார்க்கக் காரில் போய் ஏன் டிராபிக்கில் மாட்டிக்கொள்கிறான்? கண்ணை மட்டும் மறைக்கிற ஒரு துணியைக் கட்டினால் பெற்ற தாய்க்கே பிள்ளையை அடையாளம் தெரியாதாம். எங்கள் புதூர்நாட்டு மலைப் பக்கம் எதிர்ச் சரிவில் ஒருவன் ஏறி வந்தால், நடையை வைத்தே இன்னார் வீட்டு ஆள், இன்றைக்குக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டிருக்கிறான் என்றுகூடச் சொல்லிவிடுவோம். இப்படிக் கதை எழுதுகிறவனுக்கும் மூன்று வேளை சோறு போட்டு வைத்திருக்கிறார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும்.

என் மனைவியின் தம்பிக்கு இந்தப் படங்கள் என்றால் உயிர். இருபத்தெட்டு வயது ஆம்பளை. சாமை அறுப்பு முடிந்து புளி பழுக்கிற வரைக்கும், தமிழில் பேசவைத்த வெளிநாட்டுப் படங்களைப் போனில் இறக்கிவைத்துப் பகலெல்லாம் பார்ப்பான். வேறு எந்தக் குறையும் அவன்மேல் சொல்ல முடியாது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் மரம் ஏறுகிற ஆள் அவன் ஒருவன்தான். எனக்கு முழங்கால் போய் நாலு வருடம் ஆகிறது. மாசியிலும் பங்குனியிலும் அவன் உலுக்குகிற புளியில்தான் இரண்டு வீட்டு அடுப்பும் வருடம் முழுக்க எரிந்தது. அவனுக்கு ஒன்று ஆனால் நாங்கள் அத்தனை பேரும் தெருவில்தான். இது எனக்கு நன்றாகவே தெரியும்.

அந்த வருடம் அவன் காட்டிய படத்தில் நாயகனின் மணிக்கட்டில் ஒரு வளையம். அதைத் திருப்பினால் பத்து நிமிடம் பின்னால் போய்விடலாம். முதல் பாகத்தில் காதலி கவுனில் காப்பியைக் கொட்டிக்கொள்கிறாள் என்பதற்காக ஒரு தடவை திருப்புகிறான். மூன்றாம் பாகத்தில் அவனுடைய உயிர்த் தோழன் மாடியிலிருந்து விழுந்து செத்துப்போகிறான். மழை கொட்டுகிறது. பிணத்தை மடியில் போட்டுக்கொண்டு நாயகன் கதறுகிறான். மணிக்கட்டில் வளையம் பளபளவென்று மின்னுகிறது. என் மச்சான் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான்.

"வளையம் கையிலதான இருக்குது? திருப்ப வேண்டியதுதான?" என்றேன்.

"துக்கத்துல மறந்துட்டான் மாமா."

"காப்பிக்கு ஞாபகம் வந்துது. கூட்டாளி செத்தா மறந்துடுமா? மறந்துட்டான்னு சொல்றதெல்லாம் ஒரு பதிலா மச்சான்?"

"படத்தப் படமா பாரு மாமா. எல்லாத்தியும் நோண்டிக்கினே இருப்பியா?"

பக்கத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி, "இன்னாங்க, வயசுக்குத் தகுந்த பேச்சா இது?" என்றாள். நான் விடவில்லை. ஒரு வாரம் அவனை உண்டு இல்லை என்று ஆக்கினேன். டீக்கடையில் சொன்னேன், ஜீப்பில் போகும்போது சொன்னேன். இந்தக் குப்பையை எழுதினவன் முட்டாளா, பார்க்கிறவன் முட்டாளா என்று அவன் முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

புளி உலுக்குவதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. மேலே இருப்பவன் ஒரு கிளையில் நின்று, மேல் கிளையை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பையே ஆட்டி உலுக்குவான். அப்போது கீழே இருக்கிறவர்கள் அவனைக் கூப்பிடவே கூடாது. கூப்பிட்டால் திரும்புவான், திரும்பினால் கால் மாறும். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் கழியால் அடிமரத்தில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். அவன் உலுக்குவதை நிறுத்தி, கவட்டையில் உட்கார்ந்து, பிடித்துக்கொண்டு, பிறகுதான் என்ன என்று கேட்பான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எங்களுக்கு இது தெரியும்.

மாசிக் கடைசியில் ஒருநாள் காலை. அவன் மேலே. நான் கையில் கழியோடு கீழே நின்று, தாழ்ந்த கிளைகளில் தொங்கியதைத் தட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்குச் சட்டென்று ஒன்று பிடிபட்டது. தோழன் செத்த மறுநாள், அதே நாயகன் வளையத்தைத் திருப்பித்தான் வில்லனின் குண்டிலிருந்து தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறான். அப்படியென்றால் எங்கே மறந்தான்? ஒரு வாரமாகத் தேடிய ஆதாரம் கையில் கிடைத்துவிட்டது. அந்த மகிழ்ச்சியை என்னவென்று சொல்ல?

"மச்சான், அவன் ஒண்ணும் மறக்கல. குண்டு வந்தப்ப திருப்புனானே, இப்ப இன்னா சொல்ற?" என்று அண்ணாந்து கத்தினேன்.

"இன்னா மாமா?" என்று திரும்பினான். இடது கால் வழுக்கியது.

அந்தப் படங்களில், நாற்பதாவது மாடியிலிருந்து விழுகிறவளைத் தரைக்கு ஒரு முழம் மேலே நாயகன் கையில் ஏந்துவான். அவளுக்கு ஒரு சிராய்ப்பும் இருக்காது. கையில் விழுந்தாலும் தரையில் விழுந்தாலும் எலும்புக்கு ஒன்றுதான் என்று அதற்கும் நான் மச்சானுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். எடுத்த நானே கழியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினேன். என் மணிக்கட்டு முறிந்தது. அவன் தொடை எலும்பு ஒடிந்தது.

திருப்பத்தூருக்கு ஜீப்பில் இறங்கும்போது, ஒவ்வொரு வளைவிலும் அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். நடுவில் என்னை இழுத்துக் காதில் சொன்னான்: "கிளை முறிஞ்சிடுச்சின்னு சொல்லிடு மாமா. அக்காகிட்ட வேற எதுவும் சொல்லாத."

அப்படியே சொன்னேன். ஊரே நம்பியது. மாமன் ஏந்தியதால்தான் உயிர் பிழைத்தான் என்று பேசிக்கொண்டார்கள். வந்து பார்த்தவர்கள் என் கட்டுப் போட்ட கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெட்கம் கெட்ட நான் அதற்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஆறு மாதத்தில் நடப்பான், மரம் ஏறுவதை மட்டும் மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர்.

ஊருக்கு வந்த மறுநாள், சிதறிக் கிடந்த புளியைப் பொறுக்க என் மனைவி அந்த மரத்துக்குப் போனாள். திரும்பி வந்து கூடையை இறக்கி வைத்தாள். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"புளியங்கிளை முறியுமாங்க?" என்றாள்.

எத்தனை பேர் நின்று உலுக்கினாலும் வளையுமே தவிர, பச்சைப் புளியங்கிளை லேசில் முறியாது. இந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அத்தனை பேரும் கேட்டுத் தலையாட்டிய கதையில் இவ்வளவு பெரிய ஓட்டை இருந்தது.

"அடியில முறிஞ்ச கிளையே காணோம். உங்க கழிதான் கெடக்குது. அவன கூப்டீங்களா?"

"ஆமா."

"ரெண்டு தட்டு தட்டிட்டுக் கூப்புட வேண்டியதுதான? கழி கையிலதான இருந்துது?"

"கையிலதான் இருந்துது."

"அப்புறம்?"

"மறந்துட்டேன்" என்றேன்.

அவள் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு தம்பியிடம் போனாள்.