அலமாரிக்குப் பின்னால் போன வயர்

ஆபீஸ் ஆபீஸாகப் போய், டெலிபோன் லைனில் யாராவது ஒட்டுக்கேட்கும் கருவி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் அவருக்கு வேலை. கூட வேலை பார்ப்பவர்கள் ‘மீட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். “ஊர் வயரையெல்லாம் தடவிப் பாக்குற மனுஷனுக்கு, நம்ம வீட்டு காலிங் பெல் ஒரு வருஷமா ஊமையாக் கெடக்குறது தெரியல” என்று மனைவி குத்துவாள். சிரித்து மழுப்பிவிடுவார்.

ஒரு கட்டுமானக் கம்பெனியில் டெண்டர் தொகை மூன்று தடவை வெளியே கசிந்துவிட்டது. மீட்டரை வரவழைத்தார்கள். ரிசீவரைக் கழற்றினார், சுவர்ப் பெட்டியைத் திறந்தார், வயரைப் பிடித்துக்கொண்டே போனார். மேனேஜர் அறையில் அது ஓர் இரும்பு அலமாரிக்குப் பின்னால் நுழைந்தது. அதை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். மேனேஜரோ வாசலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வோல்டேஜ் ஒழுங்காகத்தானே காட்டுகிறது என்று மீட்டர் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, ‘எல்லா லைனும் சுத்தம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“வயர் சுத்தம்னா யாரோட வாயோ சுத்தமில்ல” என்றார் மேனேஜர். பதினோரு வருஷமாக அங்கே லைன் இணைத்துக் கொடுத்துவந்த ஆபரேட்டர் பெண்ணை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எட்டு மாதம் கழித்து, அறைக்குப் பெயின்ட் அடிக்க அலமாரியை நகர்த்தினார்கள். பழைய வயரை மாற்ற மீட்டர்தான் போனார். ஓரிடத்தில் டேப் சுற்றியிருந்தது. பிரித்தால், சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு கருவி. மேலே வருஷக்கணக்கான தூசி. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“கழட்டிக் குடுத்துட்டுப் போங்க. முடிஞ்சு போனதக் கிளறாதீங்க” என்றார் மேனேஜர்.

மீட்டருக்கு மனசு கேட்கவில்லை. நடந்ததை ஒரு கடிதமாக எழுதிக் கம்பெனி முதலாளிக்கு அனுப்பிவிட்டு, நகலோடு அந்தப் பெண்ணைத் தேடிப் போனார். அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். சமையலறை ஓரத்தில் அவள் பாய் சுருட்டி வைத்திருந்தது.

“தப்பு என்மேலதாம்மா. அன்னிக்கு நான் சரியாப் பாக்கல.”

அவள் கடிதத்தைத் தொடவில்லை. “உங்க கையெழுத்தக் காட்டித்தான் சார் என்னை வெளிய அனுப்புனாங்க. நான் உள்ள வந்தா எங்க அண்ணி போன்ல பேசுறத நிறுத்திடுறாங்க. என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவங்ககிட்ட சொல்லுங்க.”

அண்ணியைக் கூப்பிட்டாள். அவர் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “கம்பெனிக்காரங்க வந்து சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்” என்று உள்ளே போய்விட்டாள்.

கம்பெனிக்காரர்கள் யாரும் வரவில்லை. முதலாளியிடமிருந்து பதில் வந்தது மீட்டரின் ஆபீசுக்குத்தான்: பொய்ச் சான்றிதழ் கொடுத்த ஆளை வைத்துக்கொண்டிருக்கிறீர்களே என்று. ஒரே வாரத்தில் அவருக்கும் வேலை போனது. கருவியை வைத்தது யார் என்று யாரும் தேடவில்லை.

பிறகு ஒருநாள் பஸ்ஸில் அவளைப் பார்த்தார். பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. அவள் தன் பையை எடுத்து அதில் வைத்துக்கொண்டாள். இறங்கும்வரை அவர் நின்றுகொண்டே போனார்.