ஏழாவது ஆசனத்தில் இருந்தவர்

சனிக்கிழமை பின்னேரங்களில் வானொலியில் ஒரு விஞ்ஞான நாடகம் போகும். செவ்வாய்க் கிரகத்துக்குப் புறப்படும் விண்கப்பலில் ஆறு பேர் ஏறுவார்கள். பூமி கண்ணுக்கு மறைந்த பிறகு திரும்பிப் பார்த்தால் ஏழாவது ஆசனத்தில் ஒருவர் இருப்பார். தலையை மூடிய கவசம். யார், எப்படி ஏறினார், எதற்காக வருகிறார் என்று ஒன்றும் தெரியாது. ஒரு வாரத்துக்கு இரண்டு மூன்று வசனம் பேசினாலே பெரிய காரியம். கடைசியில் நடிகர்களின் பெயர்களை வாசிக்கும்போதும் அவருடைய பெயரை மட்டும் சொல்லமாட்டார்கள். நாடகம் முடிகிற அன்றுதான் அறிவிப்போம் என்பார்கள்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் குறுகலான ஒழுங்கையில் அந்த ஆளைப் பற்றி ஒரு முடிவு எடுக்காதவர்கள் குறைவு. அவர் இயந்திர மனிதன் என்றான் அண்ணா. மற்றவர்கள் சாப்பிடும்போது அவர் சாப்பிடவில்லையாம். ரேடியோவில் அது எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு எனக்குத் தலையில் குட்டு விழுந்தது. அப்பா சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் இடத்தில் வேலை செய்தார். உள்ளே போகவும் வெளியே வரவும் அட்டை காட்டிக் காட்டி, முகம் தெரியாத எவரும் அவருக்கு உளவாளியாகத்தான் தெரிந்தார்கள். சந்தியில் தையல்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா சொன்னதுதான் எங்களைப் பயப்படுத்தியது. அப்படி ஒருவரே இல்லையாம். அவ்வளவு தூரம் தனியே போகிறோமே என்ற பயத்தில் அந்த ஆறு பேரும் சேர்ந்து ஒரு துணையை நினைத்துக்கொண்டார்களாம்.

என் முடிவு வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருந்தது.

சின்னம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் தங்கையான அவர் எங்களோடுதான் இருந்தார். சித்தப்பா துறைமுகத்தில் பாரப்படகுகளில் வேலை செய்தவர். கோயில் திருவிழா நாடகங்களில் ராசா வேஷம் கட்டியவர். இருமல் தொல்லை உள்ளவர், சின்னம்மா இரவில் எழும்பிக் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பார். கப்பலில் வேலை எடுக்கிறேன் என்று கொழும்புக்குப் போனார். கொஞ்ச நாள் சேதி வந்தது, பிறகு நின்றுவிட்டது. யாராவது விசாரித்தால், "கப்பல்ல நிக்கிறார்" என்பார் சின்னம்மா. எந்தக் கப்பல் என்று இரண்டாவது கேள்வி கேட்கும் தைரியம் எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

நாடகம் தொடங்கினால் சின்னம்மா குசினியில் சமையலை அப்படியே போட்டுவிட்டு வந்து கதவோரம் நிற்பார். கவசக்காரர் பேசும் நேரத்தில் யாராவது வாய் திறந்தால் அவருக்குக் கோபம் வரும். எங்களை ஒருநாளும் ஏசாத சின்னம்மா அப்போது மட்டும் ஏசுவார். கவசக்காரரின் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். அண்ணா செம்புக்குள் வாயை வைத்து அதேபோலப் பேசிக்காட்டிக்கொண்டு திரிந்தான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சின்னம்மா செம்பை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

ஒருநாள் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது அவர் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, அது அவர்தான்."

"ஆர்?"

"ரேடியோவில கதைக்கிறவர். வசனம் தொடங்க முந்தி ஒரு மூச்சு எடுக்கிறார். நாடகத்துக்குப் பாடமாக்கேக்க பக்கத்தில இருந்து எத்தினை தரம் கேட்டிருப்பன்?"

"விசர்க்கதை கதையாதை. மூச்சு எல்லாரும்தான் எடுக்கிறது."

சின்னம்மா அடுத்த வாரமும் அதையே சொன்னார், அதற்கடுத்த வாரமும் சொன்னார். கடைசியில் அப்பா லீவு போட்டுவிட்டு அவரை வானொலி நிலையம் இருக்கும் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். சின்னம்மா கலியாணச் சேலைக்கு அடுத்தபடியாகத் தன்னிடம் இருந்த நல்ல சேலையை உடுத்தியிருந்தார். கவசக்காரர் யார் என்று எங்கள் ஒழுங்கையில் முதலில் தெரியப்போவது எனக்குத்தான் என்று எனக்கு ஒரே பெருமை.

அவர்கள் திரும்பி வந்தபோது அப்பா கதிரையில் போய் இருந்துவிட்டார். சின்னம்மா நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். அம்மா பின்னால் ஓடினார். "வேண்டாமடி, அப்படிச் செய்யாதை. அது பெரிய பாவம்" என்று அம்மா அழுதது எனக்குக் கேட்டது. சின்னம்மா திரும்பி வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் தாலியும் இல்லை. அப்பா எங்களைக் கூப்பிட்டு, சித்தப்பா கடலில் மோசம் போய்விட்டார் என்றார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

சனங்கள் வந்தார்கள். சாம்பல்தீவிலிருந்து சித்தப்பாவின் பெரியம்மா வந்து நெஞ்சிலடித்து அழுதார். உடல் இல்லையென்பதால் கடற்கரையில் தர்ப்பையில் உருவம் செய்து எரித்தார்கள். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டபோது அப்பா கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். சின்னம்மாதான் பின்னாலிருந்து தெளிவாகச் சொன்னார். துக்க வீடு என்று ரேடியோப் பெட்டியைத் துணியால் மூடிவிட்டார்கள்.

நாடகத்தின் கடைசி அங்கம் செத்த வீட்டுத் துடக்குக் கழிவதற்குள் வந்துவிட்டது. அண்ணாவும் நானும் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தையல்கடைக்குப் போனோம். நானா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

கவசத்தைக் கழற்றினார்கள். உள்ளே முகம் இல்லை, கம்பிகள்தான் இருந்தன. அண்ணா துள்ளி எழும்பினான். ஆறு பேரையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகச் செய்த இயந்திரமாம். பிறகு அந்த இயந்திரம் பேசியது. இப்போது பானைச் சத்தம் இல்லை, வெறும் குரல். என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு, தூரத்தில் வரும் கப்பல்களில் எது பெரியது என்று கேட்கும் அதே குரல். அண்ணா துள்ளுவதை நிறுத்தினான். நானாவின் தையல் மெசினும் நின்றது. சித்தப்பாவின் ராசா உடுப்புகளெல்லாம் அந்த மெசினில் தைத்தவைதான்.

கடைசியில் பெயர் சொன்னார்கள். நாங்கள் கேள்விப்படாத ஏதோ ஒரு பெயர்.

நானா ரேடியோவை மூடினார். "புள்ளையள், இத ஊட்டுல போய்க் கதைக்காதீங்க" என்றார். அண்ணா தலையாட்டினான். நான் அதற்குள் பாதி வழி ஓடிவிட்டேன்.

கொழும்பில் நடந்ததை அப்பா பல வருடங்கள் கழித்து, நானே இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு சொன்னார். வானொலி நிலையத்தில் விசாரித்து ஒரு வீட்டைக் கண்டுபிடித்துப் போனார்களாம். கைக்குழந்தையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாராம். சுவரில் கலியாணப் படம். அதில் சித்தப்பா மாலையோடு நின்றாராம். சின்னம்மா அந்தப் படத்தைப் பார்த்தார், குழந்தையையும் பார்த்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "இந்த வீடு இல்லை அத்தான், பிழையா வந்திட்டம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாராம். ரயிலில் வரும்போது ஒரே ஒரு வசனம்தான் பேசினாராம்: "விட்டிட்டுப் போனவன்ர பெண்சாதி எண்டு இருக்க என்னால ஏலாது."

ஆனால் அன்று பின்னேரம் எனக்கு இதொன்றும் தெரியாது. மூச்சிரைக்க ஓடிவந்தேன். சின்னம்மா வெள்ளைச் சேலையோடு கொல்லைப் படியில் இருந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"சின்னம்மா, சித்தப்பா சாகயில்லை! ரேடியோவில கதைக்கிறார்!"

அவர் திடுக்கிடவில்லை. குசினியில் அம்மா இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார்.

"அது முந்திக் கதைச்சுப் பதிஞ்சு வச்சது, பிள்ளை. செத்த ஆக்களின்ர குரலும் அதுக்குள்ள கன காலம் இருக்கும்."

எனக்கு அது முழுமையாகப் பொருந்தியது. அதற்குப் பிறகு நெடுநாள், ரேடியோவில் பேசுகிறவர்கள் எல்லோருமே இறந்தவர்கள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். நான் போகத் திரும்பியபோது அவர் என் கையைப் பிடித்தார்.

"கதைக்கேக்க இருமினவரோ?"

"இல்லை."

"ஒருக்காலும் இருமயில்லையோ? வடிவாக் கேட்டனியோ?"

"இருமயில்லை சின்னம்மா."

அவர் என் கையை விட்டார். அரிசியை ஒரு தடவை புடைத்தார், பிறகு புடைக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். பாவம், சின்னம்மா கடைசி அங்கத்தைக் கேட்கவில்லையே, அவருக்கு முடிவு தெரியாதே என்று எனக்கு இரக்கமாக இருந்தது. பக்கத்தில் குந்தி இருந்து விளங்கப்படுத்தினேன்.

"அவர் மெசின், சின்னம்மா. மெசினுக்கு இருமல் வராது."