மூன்று வேன்களில் முதல் வேன்: மெட்டுகுடாவிலிருந்து கச்சிபவுலி வரை

காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய் வந்து எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் போனது கச்சிபவுலி. எங்கள் வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர். சிரிக்காதீர்கள். செகந்திராபாத்தில் பிறந்து எழுபத்தொரு வருஷமாக இங்கேயே இருக்கிறேன். அந்தப் பக்கம் போனது இது இரண்டாம் தடவை. முதல் தடவை போனபோது அங்கே பாறையும் ஆடுகளும்தான் இருந்தன. இப்போது பாறை இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம். ஆடுகள் எந்த ஊருக்குப் போயினவோ தெரியவில்லை.

போனது பொங்கல் கழிந்த புதன்கிழமை. காரணம் என் மகள் மேகலா. அவள் வேலை செய்யும் ஆபீஸ் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்காக நடக்கிறது. அங்கே வைத்தியம் பார்த்த பில்லை இன்சூரன்ஸ்காரர்கள் கட்ட மாட்டோம் என்று திருப்பி அனுப்புவார்களாம். ஏன் கட்ட மாட்டாய் என்று இங்கிருந்து போனில் சண்டை போட்டு வாங்கித் தர வேண்டும். சண்டை போடுவதற்குச் சம்பளம். அவள் அம்மா உயிரோடு இருந்து இந்த வேலைக்கு வந்திருந்தால் இந்நேரம் மேனேஜர் ஆகியிருப்பாள்.

மேகலாவுக்குக் கீழே முப்பத்தாறு பேர். அந்த வேலையை அப்படியே கோயம்புத்தூருக்கு மாற்றலாமா, இங்கேயே வைக்கலாமா என்று முடிவு செய்ய அமெரிக்காவிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். பெயர் ஹெலன். ஐம்பது வயதிருக்கும்.

"கோயம்புத்தூர் எதுக்கு?" என்று நான் மேகலாவிடம் கேட்டேன்.

"வாடகை கம்மிப்பா. ட்ராஃபிக் இல்லே. அங்கே ஆளுங்க வேலையை விட்டுட்டு சட்டுனு ஓட மாட்டாங்களாம். முன்னாடி பெங்களூரு, அப்புறம் நம்ம ஊரு, இப்ப எல்லாரும் சின்ன ஊரா பாக்கறாங்க. ஈஸியான பில்லையெல்லாம் மிஷினே பாத்துக்கும். மிச்சத்துக்கு எவ்ளோ பேர் வேணும், எங்கே வேணும்னுதான் பேச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் தாத்தா ரயில் வேலைக்காக ஜோலார்பேட்டையிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். இப்போது வேலை மூட்டை கட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்குப் போகிறது. போகிற வழியில் ஜோலார்பேட்டையில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுப் போகட்டும் என்றேன். மேகலா சிரிக்கவில்லை. முப்பத்தாறு வீட்டுச் சோறு அது.

ஆபீஸ் வேன் எப்படி வருகிறது, ஆட்கள் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள் என்று ஹெலன் தானே பார்க்க விரும்பினார். மூன்று வேன்கள் ஓடுகின்றன. ஒன்று எங்கள் பக்கம், ஒன்று உப்பல் பக்கம், ஒன்று எல்.பி. நகர் பக்கம். மேகலா தான் போகிற வேனையே காட்டினாள். எங்கள் தெருமுனைதான் அதன் முதல் நிறுத்தம். அதனால் அந்த அம்மாள் மூன்று மணிக்கே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் காபி கொடுத்தேன். குடித்துவிட்டு இன்னொரு தம்ளர் கேட்டார். என் காபியை இரண்டாம் தடவை கேட்ட முதல் மனுஷி அவர்தான். அன்றைக்கு வேனில் இரண்டு பேர் லீவு என்று தெரிந்ததும் நானும் வருகிறேன் என்றேன். மேகலா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். ஹெலன் வரட்டும் என்றார். விருந்தாளி சொல்லைத் தட்டக்கூடாது அல்லவா?

3.40க்கு மெட்டுகுடாவில் கிளம்பினோம். டிரைவர் யாதகிரி. பதிமூன்று பேர் உட்காரும் வேன், ஏ.சி. உண்டு, ஆனால் அது யாதகிரியின் முதுகுக்கு மட்டும். எட்டு கிலோமீட்டர் தாண்டி 4.10க்கு போவன்பள்ளி. காய்கறி மார்க்கெட் லாரிகளுக்கு நடுவே வேன் நிற்க, மேகலாவிடம் வேலை செய்யும் ஃபர்ஹீன் ஏறினாள், கூட நாலு பேர். பழைய தொழிற்சாலைகளுக்கு நடுவே புகுந்து 4.45க்கு சனத்நகர். அங்கே லாவண்யாவும் மிச்சப் பேரும்.

இந்த வேனில் ஒரு வழக்கம் உண்டு. மேகலா வீட்டில் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். தினமும் ஒருவர் இன்சூரன்ஸ்காரர் ஆகிவிடுவார். முந்தின நாள் யாருக்கோ மறுத்த பில் ஒன்றை எடுத்துக்கொண்டு, கட்ட மாட்டேன் என்பார். மற்றவர்கள் அவரை மடக்க வேண்டும். பதில் சொல்லத் திணறுகிறவர் கூகட்பல்லியில் இறங்கி எல்லோருக்கும் மிர்ச்சி பஜ்ஜி வாங்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்கள் வேலை கற்றுக்கொள்வது ஆபீஸில் இல்லை, இந்த வேனில்தான். பஜ்ஜி வாங்கி வாங்கியே லாவண்யா ஆறு மாதத்தில் கெட்டிக்காரி ஆகிவிட்டாளாம்.

அன்றைக்கு வேனில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பெரிய இடத்து மனுஷி வருகிறார், அதனால் சத்தம் போடக்கூடாது, தின்னக்கூடாது, பேசினால் இங்கிலீஷில் மட்டும் பேச வேண்டும் என்று மேகலா முந்தின நாளே சொல்லிவிட்டாள். எல்லோரும் இஸ்திரி போட்ட உடையில் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார்கள். துக்க வீட்டுக்குப் போகிற வேன்கூட இதைவிடக் கலகலப்பாக இருக்கும். மூசாப்பேட்டையில் சிக்னல், கூகட்பல்லியில் சிக்னல். ஹெலன் கடிகாரத்தைப் பார்த்தார், இவர்கள் முகத்தைப் பார்த்தார், தன் போனில் எதையோ குறித்தார். என் ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷுக்கு எட்டியவரை அவர் மேகலாவிடம் கேட்டது இதுதான்: "தினமும் இவ்வளவு களைப்பாகத்தான் வருவார்களா?"

மேகலாவுக்கு முகம் செத்துவிட்டது. என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பின்சீட்டிலிருந்து குரல் கொடுத்தேன்.

"ஏ ஃபர்ஹீன்! நான்தான் இன்சூரன்ஸ் கம்பெனி. முழங்கால் ஆபரேஷன் பில்லு வந்துச்சு. கட்ட மாட்டேன், போ."

"நக்கோ சாச்சா, இன்னிக்கு வேணாம்," என்றாள் ஃபர்ஹீன், மேகலாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே.

"பயமா? சரி, தோத்துட்டேன்னு சொல்லு. பஜ்ஜி நீ வாங்கணும்."

"கைக்கு? ஏன் கட்ட மாட்டீங்க?" பொறுக்கவில்லை அவளுக்கு.

"முன்னாடியே எங்ககிட்டே பர்மிஷன் கேக்கலே."

"கேட்டோம். நம்பர்கூட இருக்கு."

"அது வலது முழங்காலுக்கு. நீங்க வெட்டினது இடது."

அங்கிருந்து அவள் இங்கிலீஷுக்குத் தாவினாள். எந்த ஊர் இங்கிலீஷோ, மூக்கு வழியாக வந்தது. அப்புறம் லாவண்யா எழுந்து நின்று ஒரு விதியைச் சொன்னாள், நான் அதெல்லாம் தெரியாது என்றேன், அவள் என் மேலதிகாரியைக் கூப்பிடச் சொன்னாள், என் மேலதிகாரி செத்துப் பத்து வருஷம் ஆகிறது என்றேன். வேனே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. யாதகிரி வண்டியை ஓரம் கட்டி, தெலுங்கில், "தாத்தா, பணத்தைக் கட்டிடுங்க, இல்லேன்னா இவங்க விட மாட்டாங்க," என்றார். ஹெலன் பையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத் தானே இன்சூரன்ஸ்காரர் பக்கம் சேர்ந்துகொண்டார். இருவரும் சேர்ந்தும் தோற்றோம். கூகட்பல்லி தாண்டிவிட்டதால் பஜ்ஜி மட்டும் இல்லை.

சிரிப்பு அடங்கின பிறகு ஹெலன் என்னிடம் கேட்டார், உங்கள் குடும்பம் ஏன் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது என்று. நாங்கள் எங்கே தேர்ந்தெடுத்தோம், வேலை இங்கே வந்தது, பின்னாலேயே வந்தோம் என்றேன். அந்தக் காலத்திலும் உங்களைப் போல ஒருவர் வந்து ரயில் பட்டறைக்கு இடம் பார்த்திருப்பார், அவருக்கு யார் காபி கொடுத்தார்களோ என்றேன். மேகலா பாதி மொழிபெயர்த்தாள், மீதியை முழுங்கினாள்.

ஹெலன் சொன்னார்: "இந்த வேலையை முதலில் எங்கள் ஊரில் என் அம்மா செய்தாள். பதினெட்டு வருஷம். ஒரு நாள் போன் வந்தது, நாளையிலிருந்து வராதே என்று. முடிவு செய்யுமுன் வந்து பார்க்க யாரும் வரவில்லை." அதனால்தான் தான் எங்கே போனாலும் வேனில் ஏறிப் பார்ப்பதாகச் சொன்னார்.

ஹைடெக் சிட்டி தாண்டும்போது ஹெலன் மேகலாவின் கையைத் தட்டினார். "எனக்கு இது போதும். எத்தனை பேரைக் குறைத்தாலும் இந்த வேனில் இருப்பவர்களை விட மாட்டேன்." ஃபர்ஹீன் லாவண்யாவின் தொடையைக் கிள்ளினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கிழவன் வாய் கடைசியில் ஒரு உபகாரம் பண்ணிவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது மேகலா பேசினாள். நிதானமான இங்கிலீஷில், எனக்குக்கூடப் புரிகிற மாதிரி. "நீங்கள் பார்த்தது ஒரு வேன். இன்னும் இரண்டு இருக்கிறது. உப்பல் வேனில் நாளைக்கு வாருங்கள், எல்.பி. நகர் வேனில் வெள்ளிக்கிழமை. அவர்களையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்."

ஃபர்ஹீன் மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். இந்தத் தடவை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. லாவண்யா மேகலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். 5.50க்கு கச்சிபவுலி வந்து சேர்ந்தோம்.

ஆபீஸ் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாசலில் என் படத்தை எடுத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். கேன்டீனில் இட்லி நாற்பது ரூபாய், சட்னிக்கு உப்பில்லை. மேகலாவைத் தனியாகப் பிடித்தேன்.

"பைத்தியமாடி நீ? அந்தம்மாவே விட மாட்டேன்னு சொல்லிட்டா. நீ எதுக்கு வாயத் தொறந்தே?"

"நம்ம வேன்லே ஏத்துனது நான்பா. அவங்களா பாத்து எடுக்கலே. உப்பல் வேன்லேயும் பன்னெண்டு பேரு இருக்காங்க. அவங்களுக்குக் கூவிக் காட்ட ஒரு அப்பா இல்லே."

"எவனாவது ஒருத்தன் இருப்பான், அவனையும் கூட்டிட்டு வா."

"நீங்க வீட்டுக்குப் போங்கப்பா. ஷிஃப்ட் ஆரம்பிக்குது."

ஏழரை மணிக்கு வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். ராயதுர்கம் மெட்ரோவுக்கு எட்டு கிலோமீட்டர். இருநூறு கேட்டான், நூற்றைம்பதுக்கு ஒத்துக்கொண்டான். என் கழுத்தில் தொங்கின அட்டையைப் பார்த்துவிட்டு, "இன்டர்வியூவா சாச்சா?" என்றான்.

"ஹவ், ஆமா. எடுத்துட்டாங்க. நாளைக்கு ஜாயினிங்."

"சம்பளம்?"

"அதைத்தான் பேசிட்டு இருக்கோம். கோயம்புத்தூர் போவீங்களான்னு கேக்கறாங்க."

மெட்ரோ டிக்கெட் அறுபத்தொரு ரூபாய். முக்கால் மணியில் மெட்டுகுடா. வேனில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனதை நினைத்தால் இதுதான் புத்திசாலித்தனம். ஆனால் மெட்ரோவில் யாரும் யாரோடும் பேசவில்லை.

ஹெலன் மூன்று வேனிலும் வந்தார். முடிவு ஒரு மாதம் கழித்து வந்தது. மறுத்த பில்களில் சிக்கலானவை மட்டும் இங்கே, இருபது பேர். மிச்ச வேலை கோயம்புத்தூருக்கு. பதினாறு பேரில் விரும்பினவர்கள் அங்கே போகலாம். இருபது பேரும் மூன்று வேன்களிலிருந்தும் எடுக்கப்பட்டவர்கள். எல்.பி. நகர் வேனில் சுரேஷ் என்று ஒருவன், வாயே திறக்காதவன், அத்தனை பேரையும்விட அதிகம் பில் வாங்கித் தந்திருந்தானாம். எங்கள் வேனின் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் நின்றார்கள். நிற்காத ஐந்து பேரில் ஒருத்தி லாவண்யா.

அவள் கோயம்புத்தூர் போக ஒத்துக்கொண்டாள். செகந்திராபாத் ஸ்டேஷனில் ஏற்றிவிட நானும் மேகலாவும் போனோம். தெலுங்கிலும் தமிழிலும் கலந்து பேசிக்கொண்டே இருந்தவள், வண்டி கிளம்பும் நேரத்தில் கேட்டாள்.

"அக்கா, அன்னிக்கு நீங்க பேசாம இருந்திருந்தா நான் இங்கேயே இருந்திருப்பேன், இல்லே?"

"ஆமா லாவண்யா," என்றாள் மேகலா.

சமாதானம் சொல்லவில்லை, நல்லதுக்குத்தான் என்று சொல்லவில்லை. லாவண்யா வண்டியில் ஏறினாள். அப்புறம், "சரி, அந்தப் பெட்டியைத் தூக்கிக் குடுங்க," என்றாள். மேகலா தூக்கிக் கொடுத்தாள்.

நீங்களும் அந்தப் பக்கம் போவதானால் சில விஷயங்கள். மாலை நாலு மணிக்கு மேல் கூகட்பல்லி வழியாகப் போகாதீர்கள், மெட்ரோவில் போங்கள். ராயதுர்கத்தில் இறங்கி ஆட்டோக்காரன் சொன்னதில் கால் பங்கைக் குறைத்துக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டான். முட்டிவலிக்காரர்கள் லிஃப்ட் இருக்கும் பக்கம் எது என்று கேட்டுவிட்டு நடங்கள். உள்ளே விடுவதற்கு ஆதார் அட்டை கேட்பார்கள். இட்லி சாப்பிடாதீர்கள். ஒரு ஆபீஸை எங்கே வைப்பது என்று முடிவு செய்யப் போகிறவர் யாராவது இதைப் படித்தால், எத்தனை வேன் ஓடுகிறது என்று முதலில் கேளுங்கள்.

அன்றைக்கு மேகலா செய்தது சரியா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பது மட்டும் தெரியும். எழுபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.