இரண்டு குதிரைசக்திப் படகு

என் வீட்டுக்காரர் ரேணிகுண்டாவில் ரயில்வே மெக்கானிக். மெட்ராஸ் துறைமுகத்தில் கழித்துப்போட்ட சின்ன எஞ்சின் ஒன்றை வாங்கிவந்து பழுதுபார்த்து, தட்டையான மரப்படகின் பின்னால் பொருத்தினார். இரண்டே குதிரைசக்தி. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பிச்சாட்டூர் அணைக்குப் போவோம். மீன் பிடிக்க இல்லை, அக்கரைக்குப் போகவும் இல்லை. சும்மா தண்ணீரில் சுற்றுவதற்கு.

அவருடைய நண்பர் ஒருவரும் கூட வருவார். தெலுங்குக்காரர், சர்வேயர். ஆந்திராவுக்கும் மெட்ராசுக்கும் எல்லை பிரிக்கிற வேலைக்காக வாரமெல்லாம் ஊர் ஊராக அலைந்துவிட்டு வருபவர்.

"எருமை இதைவிட வேகமா நீந்தும் வதினா," என்று தெலுங்கில் அண்ணி முறை வைத்து என்னிடம் சொல்வார்.

"நீ வாரம் பூரா ஓடிக்கினுதானே இருக்க. இங்கியாவது மெதுவா போ," என்பார் என் வீட்டுக்காரர்.

அன்று மார்கழிப் பனி. படகின் முனைகூடத் தெரியவில்லை. அணை புதிது, முழுகிய பனைமரங்களின் மொட்டை உச்சிகள் அங்கங்கே திடீரென்று பக்கத்தில் முளைக்கும். கை நீட்டித் தள்ளிவிட்டுப் போனோம். அந்த வேகத்துக்கு அது போதும்.

வலப்பக்கம் ஒரு குரல் கேட்டது. ஆண்குரல். பதற்றமே இல்லை.

"இப்படி வாங்க... இப்படி."

நான் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் படகைத் திருப்பிவிட்டார். கொஞ்ச தூரத்தில் ஒரு பரிசல் கவிழ்ந்து மிதந்தது. எஞ்சினை நிறுத்தினார். மறுபடியும் குரல், இப்போது இன்னும் கிட்டத்தில். துடுப்பால் தள்ளிப் போனோம். ஒரு பனை உச்சியைக் கட்டிப்பிடித்தபடி கழுத்தளவு நீரில் ஒருவர். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூன்று பேரும் சேர்ந்து இழுத்து ஏற்றினோம். என் சால்வையைப் போர்த்தினேன். எது கேட்டாலும் வெறித்துப் பார்த்தார், பதில் இல்லை.

கரையில் அவர் மனைவி தேடிக்கொண்டு நின்றாள். கணவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நல்லவேளை, கூப்பிட்டாரும்மா. அதான் கண்டுபிடிச்சோம்," என்றேன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இவுரு எப்டிம்மா கூப்டுவாரு? பொறந்ததுலேந்து பேச்சே வராதே."

சர்வேயர் மெல்லச் சொன்னார்: "இட்டு ரண்டி, இட்டுன்னு ரெண்டு தடவை கூப்பிட்டாங்களே. தெளிவா கேட்டேனே."

"இப்படி வாங்கன்னு தெலுங்கிலயா கேட்டுச்சு?" என்றேன்.

"ஆமா வதினா. உங்களுக்கு?"

எனக்குக் கேட்டது தமிழில். என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவருக்கும் தமிழில்தான் கேட்டிருக்கிறது.

"அப்போ இன்னொரு ஆளு தண்ணியில இருக்கான்," என்றார் அவர், எஞ்சின் கயிற்றை இழுத்துக்கொண்டே.

திரும்பிப் போனோம். பனை பனையாக, நூறடிக்கு ஒருதரம் எஞ்சினை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டோம். சர்வேயர் இரண்டு பாஷையிலும் கூப்பிட்டுப் பார்த்தார். உச்சிவெயில் வந்து பனி முழுக்க விலகியது. ஒரு கரையிலிருந்து மறுகரை வரை சுத்தமாகத் தெரிந்தது. ஒரு கொக்குகூட இல்லை.

சுற்றுவட்டாரத்தில் யாராவது காணாமல் போனார்களா என்று பத்து நாள் விசாரித்தோம். எந்த ஊரிலும் யாரும் குறையவில்லை.