எட்டிக்கொட்டைக் கிட்டங்கியில் வாய் மூடிச் செய்த ஜெபம்

சபையாரே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கிறது. எங்கேயோ ஒரு தாய் பெற்ற பிள்ளையை என் வாய்க்கொழுப்பால் சாகக் கொடுக்கப் பார்த்தேன். அவன் பிழைத்தது கர்த்தருடைய கிருபை. அதை மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

பெரிய யுத்தம் தொடங்குவதற்கு முன்னால், மதுரையில் ஒரு கல்லூரியில் செடிகொடி சேகரிக்கிற ஆளாக இருந்தேன். அமெரிக்காவிலிருந்து நான்கு மாணவர்கள் ஒரு வருஷம் படிக்க வந்திருந்தார்கள். நம் காட்டை நேரில் பார்ப்பதும் அவர்கள் படிப்பில் சேர்த்தி. பொங்கல் கழிந்து இரண்டாம் வாரம், புரொபசர் ஐயா அவர்களை அழகர்கோவில் மலையடிக்குக் கூட்டிப்போனார். வழிகாட்ட நான்.

இலந்தைப்பழமும் சூரைப்பழமும் பறித்துக் கொடுத்துக்கொண்டே நடந்தேன். அவர்களில் இளையவன் ராபர்ட். எதைக் கண்டாலும் ருசி பார்க்க வேண்டும் அவனுக்கு. எதைத் தின்னலாம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டான். நான் பெரிய மேதாவி மாதிரி, குரங்கு தின்றால் மனுஷனும் தின்னலாம் என்று அரைகுறை இங்கிலீஷில் சொல்லி வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு குரங்கு ஆரஞ்சு நிறப் பழம் ஒன்றைப் பிய்த்துத் தின்பதை அவன் பார்த்திருக்கிறான். அதே மரத்தில் பறித்துத் தின்றுவிட்டான். எட்டிப்பழம்! ‘எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன’ என்று நம் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று அந்த மரத்தை நான் காட்டவே இல்லை.

அரை மணியில் அவன் கழுத்து விறைத்தது. உடம்பு வில்லாக வளைந்தது. நினைவு மட்டும் தப்பவில்லை. கண் என்னையே பார்த்தது. நாங்கள் வந்த பஸ் சாயங்காலம்தான் திரும்பும். புரொபசர் ஐயா யாரிடமோ சைக்கிள் வாங்கிக்கொண்டு டாக்டரைக் கூட்டிவர மதுரைக்குப் பறந்தார்.

நான் முழங்காலில் விழுந்தேன். நம் ஜெபம்தான் தெரியுமே, நாலு தெருவுக்குக் கேட்க வேண்டும். அடித்தொண்டையிலிருந்து கதறினேன். நான் கத்தும் ஒவ்வொரு தடவையும் அவன் உடம்பைத் தூக்கிப் போட்டது. பிசாசுதான் எதிர்க்கிறது என்று நினைத்து இன்னும் உரக்கக் கத்தினேன். பாவி, நானே அவனைக் கொன்றுகொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு கட்டைவண்டியைப் பிடித்து அவனை ஏற்றப் போனேன். அப்போது காதர் பாய் ஓடிவந்தார். மருந்துக் கம்பெனிகளுக்கு எட்டிக்கொட்டை வாங்கி அனுப்புகிற மதுரை வியாபாரி. மலையடியில் சரக்குப் போட்டு வைக்க அவருக்கு ஒரு கிட்டங்கி இருந்தது.

“வண்டியில ஏத்தாதீக தம்பி. குலுங்குனா போயிருவான். இந்த வெசத்துக்குச் சத்தமும் ஆகாது, வெளிச்சமும் ஆகாது. கும்பிடுறத மனசுக்குள்ள கும்பிடுங்க” என்றார்.

அவனைத் தூக்கிக் கிட்டங்கிக்குள் படுக்கவைத்து, கதவைச் சாத்தி, சாக்கால் இடுக்கை அடைத்தார். மற்ற மூவரும் வெளியே நின்றார்கள். இருட்டில் ராபர்ட் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொட்டாலும் உடம்பு இழுத்தது. கையைக்கூடப் பிடிக்க முடியவில்லை. சபையில் சரளமாக வருகிற வசனம் ஒன்றும் வரவில்லை. ‘ஆண்டவரே, நான்தான் சொன்னேன், நான்தான் சொன்னேன்’ என்று மட்டும் மனசுக்குள் அழுதேன். அவனுக்குப் பதிலாக என்னை எடுத்துக்கொள்ளும் என்றேன். நம்பிக்கை கொஞ்சமும் இல்லை. சபையாரே, மெய்யாகவே இல்லை.

மதியம் தாண்டியது. இழுப்பு வருகிற இடைவெளி கூடியது. சாயங்காலம் அவன் மெதுவாகத் தண்ணீர் கேட்டான். அப்புறம்தான் டாக்டர் வந்துசேர்ந்தார். குரங்கு சதையைத் தின்று கொட்டையைத் துப்பிவிடும், விஷம் கொட்டையில்தான்; இவன் ஒரு கொட்டையைக் கடித்துக் கசப்பில் துப்பியிருக்கிறான், மற்றவற்றை முழுசாக விழுங்கியிருக்கிறான், அதனால் விஷம் அவ்வளவாக இறங்கவில்லை என்றார். வண்டியில் கொண்டுபோயிருந்தால் வழியிலேயே முடிந்திருக்கும் என்றும் சொன்னார்.

அன்றைக்கே எல்லார் முன்னாலும் என் தப்பை ஒப்புக்கொண்டேன். ராபர்ட் என் கையைப் பிடித்துக்கொண்டான். இப்போது எந்த மாணவரைக் கூட்டிப்போனாலும் முதலில் எட்டி மரத்தைத்தான் காட்டுகிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் காதர் பாயிடம், அன்றைக்கு அந்த நேரத்தில் அங்கே எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன்.

“நீங்க போட்ட சத்தத்தக் கேட்டுத்தான் தம்பி வந்தேன்” என்றார்.

என் புத்திகெட்ட ஜெபத்தைக்கூடக் கர்த்தர் தள்ளவில்லை. சரியாக ஜெபிக்கத் தெரியவில்லையே என்று தயங்குகிறவர்கள் உங்களில் இருந்தால், தயங்காதீர்கள். தெரிந்தபடி கூப்பிடுங்கள்.