பன்னிரண்டாவது சங்கஷ்டி

அக்காவின் பஞ்சாங்கம் ஓர் இரும்பு அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் வெள்ளை நூலில் தொங்கியது. டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் ஆஸ்பத்திரித் துணிகளைத் தோய்க்கிற தொழிற்சாலையில் எனக்கும் அவவுக்கும் பக்கத்துப் பக்கத்து அலுமாரி. பஞ்சாங்கம் மெல்லிய மஞ்சள் தாளில் கன்னட எழுத்தில் இருக்கும். எனக்கு ஒரு எழுத்தும் விளங்காது. பென்சிலால் அவ போட்ட வட்டங்கள் மட்டும் விளங்கும். வட்டம் போட்ட நாளில் அவவின் சாப்பாட்டுப் பெட்டி வீட்டிலேயே இருந்துவிடும்.

பிள்ளைகளே, ஏன் எங்கள் வீட்டில் ஒரு விரதமும் இல்லை, ஏன் மற்றத் தமிழ் வீடுகளைப்போல ஒரு நாட்காட்டிகூடச் சுவரில் இல்லை என்று நீங்கள் இரண்டு பேரும் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்து எனக்குக் கைவந்த வேலையில்லை. ஆனாலும் வாயால் சொல்ல முடியாததை எழுதித்தான் ஆகவேண்டும்.

அக்கா பெங்களூர்க்காரி. கன்னடம் பேசுகிறவ. சின்ன வயதில் தமிழர் இருந்த தெருவில் வளர்ந்ததால் எங்களோடு தமிழில் கதைப்பா. கணவருக்கு இங்கே இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. அவர்களுடைய வருடம் எங்களுடையதைப்போல சித்திரை மாதம் சூரியனோடு பிறக்காது, சந்திரனோடு பிறக்கும். அந்த நாளை யுகாதி என்பார்கள். வேப்பம்பூவும் வெல்லமும் சேர்த்துத் தின்ன வேண்டும், வருகிற வருடத்தின் கசப்பும் இனிப்பும் சமமாகப் போகட்டும் என்று. நாங்கள் இருந்த இந்த யூட்லண்டுப் பக்கத்தில் வேப்பமரம் ஏது? அக்கா ரோட்டோரத்தில் முளைக்கிற மஞ்சள்பூச் செடியின் இலையைக் கிள்ளி வெல்லத்தோடு வைத்து எனக்கும் தந்தா. “கசக்குதா?” என்று கேட்டா. “ஓமக்கா” என்றேன். “அப்ப சரி. கசப்புக்கு ஊரு இல்ல” என்றா.

அதற்குப் பிறகு மாதத்துக்கு இரண்டு ஏகாதசி. ஆவணி புரட்டாசிப் பக்கம் கௌரி, அடுத்த நாள் கணபதி. இவற்றுக்கெல்லாம் மேலே, மாதம் தவறாமல், பூரணை கழிந்த நாலாம் நாள் சங்கஷ்டி. எங்கள் ஊரில் வளர்பிறைச் சதுர்த்திதான் பெரிது. அவர்களுக்குத் தேய்பிறை. பகல் முழுக்கப் பிள்ளையாருக்குப் பட்டினி கிடந்து, சந்திரன் எழுந்ததும் தண்ணீர் விட்டுக் கும்பிட்டுச் சாப்பிட வேண்டும். சங்கடம் தீரும் என்பா.

எனக்கு அப்போது ஒரே ஒரு சங்கடம்தான். உங்கள் அம்மாவும் நீங்களும் யாழ்ப்பாணத்தில் இருந்தீர்கள். உங்களை இங்கே கூப்பிட நான் விண்ணப்பம் போட்டிருந்தேன். அந்த நாளில் சட்டம் அதை எனக்கு உரிமையாகவே தந்திருந்தது. ஆறு மாதத்துக்குள் வந்துவிடுவார்கள் என்று பொலிசில் ஒருவர் கைகுலுக்கிச் சொன்னார். ஆறு மாதம் போனது. கொப்பன்ஹேகனிலிருந்து ஒரு தாளும் வரவில்லை. என்னைப்போலவே விண்ணப்பித்திருந்த விபோர்க் அண்ணைக்கும் வரவில்லை, எஸ்பியர்க்கில் மீன் வெட்டிய பெடியன்களுக்கும் இல்லை. யாருக்கும் காரணம் தெரியாது. ஒவ்வொருவரும் தன் தாளில்தான் ஏதோ பிழை என்று நினைத்தோம்.

பன்னிரண்டு சங்கஷ்டி பிடிக்கிறேன் என்று நேர்ந்துகொண்டது அப்போதுதான். நான் பெரிய பக்திமான் இல்லை. செய்யக்கூடிய வேலை வேறொன்றும் என்னிடம் இருக்கவில்லை. எங்கள் மேற்பார்வையாளர் நல்ல மனிதர், பகிடிக்காரர். நாங்கள் இருவரும் மத்தியானம் தண்ணீர்க் குவளையோடு மட்டும் இருப்பதைக் கண்டால், “இன்றைக்குச் சந்திரக்காரருக்குப் பசியில்லையாக்கும்” என்று டெனிஷில் சொல்லிவிட்டு, எங்களுக்கு எதிரே இருந்து பன்றியிறைச்சிப் பாணை மெதுமெதுவாக மென்று காட்டுவார். அக்கா சளைக்க மாட்டா. “உங்க சாமிக்கு நாப்பது நாள் பட்டினி, எனக்கு ஒரு நாள்தானே” என்று திருப்பிக் கொடுப்பா.

சந்திரன் எழும் நேரம் அந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும். பெங்களூருக்கு இரவு எட்டே முக்கால், ஒன்பது என்று. டென்மார்க் நாலரை மணித்தியாலம் பின்னுக்கு. ஆகவே அக்கா நாலரையைக் கழிப்பா. வெயில்காலத்தில் இங்கே மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளுவார்கள், அப்போது மூன்றரையைக் கழிப்பா. வேலை முடிந்து அவவின் வீட்டுக்குப் போய், அவ சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் விட்டு, நாலே கால், ஐந்தே கால் மணிக்கெல்லாம் சாப்பிட்டுவிடுவோம். சந்திரனை ஒரு நாளும் கண்டதில்லை. குளிர்காலத்தில் முகில். கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். “மேகத்துக்குப் பின்னால இருக்காரு” என்று அக்கா கைகூப்புவா. நானும் கூப்புவேன். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

அந்த வருடம் ஐப்பசிக்கு முன் உங்கள் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. அவவின் ஒன்றுவிட்ட அண்ணன் குடும்பத்தோடு, ஆள் அனுப்புகிற ஏஜென்சி மூலம் வெளிக்கிடுகிறார். கொழும்பு, பிறகு மொஸ்கோ, பிறகு கிழக்கு பெர்லின். “எங்களுக்கும் இடமிருக்காம். நானும் பிள்ளையளும் வரட்டோ? இஞ்ச இனி இருக்கேலாது. ஒரு வரி எழுதுங்கோ” என்று எழுதியிருந்தா. எனக்குப் பயம். வழியில் பிடிபட்டுப் பிள்ளைகளோடு மாதக்கணக்கில் கிடந்தவர்களின் கதை கேட்டிருந்தேன். அதோடு பன்னிரண்டாவது சங்கஷ்டிக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. அது முடியட்டும், பதில் எழுதுவோம் என்று வைத்தேன். அக்காவிடமும் அப்படியே சொன்னேன்.

அந்த நாள் வந்தது. நாலே காலுக்குத் தண்ணீர் விட்டோம். அக்கா பிள்ளையாருக்கு எள்ளுருண்டை செய்திருந்தா. வயிறு நிறைந்து, மனமும் ஏதோ நிறைந்ததுபோல, ஏழரை மணியளவில் என் அறைக்குப் போக வெளிக்கிட்டேன். அன்று மழை விட்டு வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. அக்கா வாசல்வரை வந்தா. எதிரே இருந்த தட்டையான கூரைகளுக்கு மேலால், அப்போதுதான், சிவந்து, ஒரு பக்கம் தேய்ந்து, சந்திரன் எழும்பிக்கொண்டிருந்தது.

நாங்கள் இருவரும் அசையாமல் நின்றோம். பெங்களூரில் எழுகிற அதே நிமிடத்தில் இங்கே எழாது, பூமி உருண்டை, எழுகிற நேரம் இடத்துக்கு இடம் வேறு என்ற சின்ன விசயம் அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. பன்னிரண்டு மாதமும் சந்திரன் எழும்ப முன்னம் சாப்பிட்டிருக்கிறோம்.

“தப்பு என்னுதுதான் தம்பி” என்றா அக்கா. “நம்ம கணபதி தேவரு இதையெல்லாம் எண்ணிட்டு உக்கார மாட்டாரு. விடு.”

“விடேலாதக்கா. திருப்பிப் பிடிக்கப் போறன். முதல்ல இருந்து.”

“விரதத்தப் பிடி, வேணாங்கல. ஆனா அவளக் கௌம்பச் சொல்லிடு. அண்ணன் கூட வரட்டும். பன்னெண்டு மாசம் அவ எப்படிப்பா இருப்பா அங்க?”

எனக்குக் கோபம் வந்தது. “நீங்கள் பிழையாக் கணக்குப் பாத்தனீங்கள். அதாலதான் ஒண்டும் நடக்கேல்ல. இனி நான் சரியாச் செய்யிறன். நீங்கள் கதைக்க வேண்டாம்” என்றேன். அக்கா உள்ளே போனா. கதவை மெதுவாகச் சாத்தினா.

அன்றே கடிதம் எழுதினேன். வரவேண்டாம், பொறு, விரதத்தில் ஒரு பிழை வந்துவிட்டது, மறுபடி தொடங்குகிறேன், இந்த முறை கட்டாயம் அனுமதி வரும் என்று. உங்கள் அம்மா பொறுத்தா. அண்ணன் குடும்பம் பத்திரமாக பெர்லின் போய்ச் சேர்ந்தது. நான் பத்திரிகையில் போடுகிற ஹொல்ஸ்டெப்ரோ நேரம் பார்த்து, பனியில் நின்று, சந்திரனைக் கண்ணால் கண்டு மூன்று சங்கஷ்டி சரியாகப் பிடித்தேன். நாலாவதுக்கு முன் செய்தி வந்தது. உங்கள் அம்மா கிணற்றடியில் நின்றபோது ஷெல் விழுந்ததாம். நீங்கள் இருவரும் வீட்டுக்குள் நித்திரையில் இருந்தீர்களாம்.

மூன்று நாள் என் பல்லில் தண்ணீர் படவில்லை. மூன்றாம் நாள் அக்கா வந்தா. நான் அன்று கோபித்த நாளிலிருந்து எங்களுக்குள் பெரிதாகக் கதையில்லை. சோறும், அவ சாறு என்கிற ரசமும் ஒரு பாத்திரத்தில் கொண்டுவந்திருந்தா. எனக்குப் போடாமல் முதலில் தனக்குப் போட்டுக்கொண்டு நாலு வாய் சாப்பிட்டா. பிறகு சொன்னா: “இன்னிக்கு ஏகாதசி தம்பி. கல்யாணமாகி ஒரு ஏகாதசியும் நான் சோறு தொட்டதில்ல. இப்பத் தொட்டுட்டேன். நீயும் தின்னு.” பாத்திரத்தை என் பக்கம் தள்ளினா. நான் சாப்பிட்டேன். அதோடு எந்த விரதத்தையும் நான் பிடிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அனுமதி வந்தது. அதில் மூன்று பெயர் இருந்தது. உங்களை, ஊரிலேயே இருந்துவிட்ட இன்னொரு மாமா கொழும்புவரை கொண்டுவந்து விமானம் ஏற்றிவிட்டார்.

பிறகு நடந்தது உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தெரியும். எங்கள் தாள்களில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அமைச்சர் சொல்லித்தான் அவற்றைக் கட்டி மேசை இலாச்சிக்குள், இழுப்பறைக்குள், பூட்டி வைத்திருந்தார்கள். விசாரணை நடந்தது, அரசாங்கம் விழுந்தது. தமிழர் வழக்கு என்று பெயர் வைத்தார்கள். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அக்காவும் என் பக்கத்தில் இருந்தா. “பாத்தியா, சந்திரனுக்கு இதுல ஒண்ணுமே இல்ல” என்றா. அவ வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். மகள், நீ ஒன்பதாம் வகுப்பில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய கட்டுரையில், எங்கள் அம்மாவை ஒரு மேசை இலாச்சி கொன்றது என்று முடித்திருந்தாய். வகுப்பாசிரியர் அதை வாசித்து அழுதார் என்று வந்து சொன்னாய். நான் உன் தலையைத் தடவினேன். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இருபது வருடத்துக்கு மேலாக விட்டுவிட்டேன்.

இலாச்சி இருந்தது உண்மை. அதைப் பூட்டியவர்கள் செய்தது அநியாயம். ஆனால் அம்மா அந்த இலாச்சி திறக்கும் என்று காத்துக்கொண்டு இருக்கவில்லை. அவ ஏற்கெனவே பெட்டி கட்டிவிட்டா, என்னுடைய ஒரு வரிக்காகத்தான் நின்றா. வா என்று எழுதச் சொல்லி ஒருத்தி எனக்குச் சொன்னா. நான் வரவேண்டாம் என்று எழுதினேன்.